ரோசா பஸ் கரவன்: 4 மி.மீ. பிளைவூட் சுவரில் பழுதில்லாமல் சாமான் கொழுவுறது எப்பிடி?

பரந்தன்_சந்தி எழுதியது:

வணக்கம். ரோசா பஸ் (மிற்சுபிசியின்ரை சின்ன பஸ்) ஒண்டைச் சீற் எல்லாம் கழட்டி, இரண்டு படுக்கை, சின்னக் குசினி, மடக்கு மேசை போட்டுக் கரவனா மாத்தின வண்டி. இரண்டு வருச வாடகைக்கு எடுத்தது. திருப்பிக் குடுக்கேக்கை பிளைவூட் வெடிச்சிருக்கக்கூடாது, முகத்தாள் கிழிஞ்சிருக்கக்கூடாது, எங்கேயும் தண்ணி இறங்கியிருக்கக்கூடாது. சட்டத்திலை அடிக்கிற ஸ்குரூ ஓட்டை கொஞ்சம் இருந்தால் உரிமையாளர் ஒத்துக்கொள்ளுவார்.

சுவர் இப்பிடி: வெளித்தகடு, 1 இஞ்சி பொக்ஸ் பார் (சதுரக் குழல்) சட்டம், இடையிலை றிஜிபோம் (சூடு தடுக்கிற வெள்ளை நுரைத் தட்டு), உள்பக்கம் 4 மி.மீ. பிளைவூட். பிளைவூட்டின்ரை முகத்திலை மரக்கோடு போட்ட மெல்லிய வினைல் தாள்.

கொழுவவேண்டியது: சரக்குத்தூள் போத்தல் தட்டு (நிறைச்சால் 3 கிலோ), 30×40 செ.மீ. கண்ணாடி, 12 வோல்ற் காத்தாடி, 24 இஞ்சி டீவி, 2 கிலோ தீயணைப்பான், பிறகு துவாய், திறப்பு, ரோச் லைற் மாதிரிச் சில்லறைச் சாமான். ஒட்டுற பிளாஸ்ரிக் கொழுக்கி போட்டுப் பாத்தாச்சு. மடுவிலை வெய்யிலுக்கை நிப்பாட்டி வைச்சால் பின்னேரத்துக்கு முன்னம் எல்லாம் நிலத்திலை. இரண்டு கொழுக்கி விழேக்கை வினைல் தாளையும் உரிச்சுக்கொண்டு வந்திட்டுது. பிளாஸ்ரர்போட்டுக்குப் போடுற விரியிற பிளக் சரிவருமோ? எதை ஒட்டலாம், எதுக்கு ஸ்குரூ அடிக்கவேணும்?


பாலைமரம் எழுதியது:

தம்பி, முதலிலை ஒண்டை மனசிலை வையுங்கோ. 4 மி.மீ. பிளைவூட் சுவர் இல்லை, அது போர்வை. பாரத்தைத் தாங்குறது பின்னாலை நிக்கிற பொக்ஸ் பார். அதைக் கண்டுபிடிச்சுக் குறிச்சுப்போட்டுத்தான் டிறிலைக் கையிலை எடுக்கவேணும்.

பழைய ஸ்பீக்கருக்குள்ளை இருக்கிற காந்தத்தைத் துணியிலை சுத்திச் சுவரிலை வைச்சு மெல்ல இழுத்துக்கொண்டு போங்கோ. 4 மி.மீ.க்குப் பின்னாலை இரும்பு இருந்தால் வடிவாப் பிடிக்கும். இழுவை தொடங்கிற இடத்திலையும் முடியிற இடத்திலையும் பென்சிலாலை கோடு போடுங்கோ. இரண்டு கோட்டுக்கும் நடு, பாரின்ரை நடு. ஒரு ஓட்டை பாரின்ரை ஓரத்திலை விழுந்தாலும் ஸ்குரூ வழுக்கிப் பிளைவூட்டைப் பிளக்கும், அதாலை இந்த வேலைக்கு அரை மணித்தியாலம் செலவழிச்சாலும் நட்டமில்லை. காந்தம் புள்ளி புள்ளியா மட்டும் பிடிச்சால் அங்கை இருக்கிறது அலுமினியச் சட்டம், பிடிக்கிறது அதிலை அடிச்ச ஸ்குரூத் தலை. அந்தப் புள்ளிகளை நேர்கோடா இணைச்சால் சட்டம் போற வழி தெரியும்.

விரியிற பிளக் வேண்டாம். அது 9, 12 மி.மீ. கனமான போட்டைப் பின்னாலை இருந்து கவ்வுறதுக்குச் செய்தது. 4 மி.மீ.யிலை முழுசா இறுகாது, பின்னாலை றிஜிபோம் அடைச்சு நிக்கிறதாலை விரியவும் இடமில்லை. வீட்டுச் சுவரெண்டால் அசையாமல் நிக்கும், ஓடுற வண்டியிலை ஒவ்வொரு குலுக்கத்துக்கும் ஓட்டை முட்டை வடிவமாப் பெருக்கும். கடைசியிலை 10 மி.மீ. ஓட்டை ஒண்டும் அதைச் சுத்தி உடைஞ்ச பிளைவூட்டும்தான் மிஞ்சும். திருத்தவே ஏலாத பழுது அதுதான்.

செய்யவேண்டியது தாங்குபலகை. 9 மி.மீ. மரைன் பிளைவூட்டிலை 10 செ.மீ. அகலத்துக்கு ஒரு கீலம் வெட்டுங்கோ. நீளம் மூண்டு பாரைத் தொடவேணும். பலகையிலை மட்டும் 4.5 மி.மீ. ஓட்டை போடுங்கோ, பாருக்கு இரண்டாக மொத்தம் 6. அந்த ஓட்டை இல்லாமல் நேரே முறுக்கினால் புரி பலகையைக் கடிச்சு முன்னுக்குத் தூக்கும், பலகை சுவரோடை ஒட்டாது. அடிக்கிறது 4.2×25 மி.மீ. தானாத் துளைக்கிற ஸ்குரூ. 19 மி.மீ. காணாது: பலகை 9, சுவர் 4, பாரின்ரை தகடு 1.2, கூட்டினால் 14.2 மி.மீ. மிச்சம் இருக்கிற 5 மி.மீ.யும் துளைக்கிற முனைக்கே போயிடும், புரி தகட்டைப் பிடிக்காது. 25 மி.மீ. எண்டால் முனை பாரின்ரை குழலுக்குள்ளை நிக்கும், வெளித்தகட்டுக்குப் போகாது.

முனை தகட்டைத் துளைச்ச உடனை டிறிலின்ரை வேகத்தைக் குறைச்சு, கிளச்சை ஆகக் கீழ் எண்களிலை வையுங்கோ. 1.2 மி.மீ. தகட்டிலை ஸ்குரூவுக்கு ஒண்டு, ஒண்டரைப் புரிதான் பிடி. ஒரு அரைச் சுத்துக் கூட இறுக்கினால் அது அறுந்து சும்மா சுத்தும். கடைசி இறுக்கு கையாலை.

பலகை ஏறினாப் பிறகு போத்தல் தட்டு, காத்தாடி எல்லாம் பலகையிலைதான். இடம் மாத்தோணும் எண்டாலும் ஓட்டை விழுறது உங்கடை பலகையிலை, உரிமையாளரின்ரை சுவரிலை இல்லை. பலகையின்ரை வெட்டு விளிம்புக்கு இரண்டு தரம் வார்னிஷ் குடுங்கோ. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள்ளை பிளைவூட் ஊதத் தொடங்கிறது விளிம்பாலைதான்.

துவாய், திறப்பு, அகப்பை, சட்டை இதுகளுக்குப் பலகையும் தேவையில்லை. 25×3 மி.மீ. அலுமினிய ஃபிளாட் பார் ஒண்டு, பாருக்கு ஒரு ஸ்குரூ (சுவரோடை ஒட்டி வைச்சால் 4.2×19 காணும்). கொழுக்கி நுழைய, ஸ்குரூ போற இடத்திலை 10 மி.மீ. உயரத்துக்குப் பிளாஸ்ரிக் குழாய்த்துண்டு வைச்சுச் சுவரிலை இருந்து தள்ளி நிப்பாட்டினால் ஸ்குரூவும் 30 மி.மீ. ஆகவேணும். அதிலை எஸ் வடிவக் கொழுக்கி எத்தினையும் போடலாம். கொழுக்கியின்ரை மேல் வளைவைக் குறட்டாலை நெரிச்சு விடுங்கோ, இல்லையெண்டால் முதல் குழியிலேயே துள்ளிக் கழண்டிடும்.


கனகராயன் எழுதியது:

ஒட்டும் விடயத்தைப் பற்றி எழுதுகிறேன், ஏனெனில் இங்கு பலரும் தவறுவது அதில்தான்.

கடையில் விற்கும் இழுத்துக் கழற்றும் ஒட்டுக் கொழுக்கிகள், கொமாண்ட் போன்றவை, வீட்டுக்குள் பாவிக்கச் செய்தவை. ஏறத்தாழ 40 பாகை செல்சியஸ் வரைதான் அவற்றுக்கு உத்தரவாதம். கண்ணாடி பூட்டிய பஸ் சித்திரை வெய்யிலில் நின்றால் உள்ளே 50 பாகையைத் தாண்டும், வெய்யில் படும் பக்கச் சுவர் இன்னும் சூடாகும். பசை இளகும், பாரம் மெதுவாக வழுகும், பிறகு விழும். பாரத்தைக் குறைத்தால் விழுகிற நேரம்தான் தள்ளிப்போகும்.

சூட்டைத் தாங்குவது அக்ரிலிக் போம் ரேப். கார்களில் பெயர்ப்பட்டை ஒட்டப் பாவிப்பது, 3எம் வி.எச்.பி. என்று கேட்டால் தெரியும். வெள்ளைப் பஞ்சு மாதிரியான இரட்டைப்பக்க ரேப்பை அதற்குப் பதிலாகத் தருவார்கள், வாங்க வேண்டாம். ஒரு துண்டை இழுத்துப் பாருங்கள்: அக்ரிலிக் போம் இறப்பர் போல நீளும், விட்டால் திரும்பும். பஞ்சு ரேப் நடுவால் பிய்ந்துவிடும்.

அளவு: அசையாமல் தொங்கும் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 57 சதுர சென்ரிமீற்றர் ரேப் என்பது உற்பத்தியாளர் சொல்லும் கணக்கு. ஓடும் வண்டிக்கு இரண்டு மடங்கு வையுங்கள். உங்கள் 30×40 கண்ணாடி 4 மி.மீ. தடிப்பு என்றால் நிறை 1.2 கிலோ. இரண்டு மடங்குக்கு 137 சதுர சென்ரிமீற்றர், அதாவது 19 மி.மீ. அகல ரேப்பில் 72 செ.மீ. நீளம். அதே அளவில் 3 மி.மீ. அக்ரிலிக் முகம்பார்க்கும் கண்ணாடி எடுத்தால் நிறை 430 கிராம்தான், 15 செ.மீ. துண்டு இரண்டு போதும். உடைந்தாலும் படுக்கையில் கண்ணாடித்தூள் கொட்டாது. அக்ரிலிக்கையே எடுங்கள் என்பேன்.

துண்டுகளை நெடுக்காக ஒட்டுங்கள், படுக்கையாக ஒட்டினால் சுவரில் வடியும் ஈரம் மேல் விளிம்பில் தேங்கும். ஒட்டுமுன் ஐசோபுரோப்பைல் அற்ககோலும் தண்ணீரும் சமபங்கு கலந்து துடையுங்கள். கை சுத்திகரிக்கும் ஜெல் வேண்டாம், அதிலுள்ள கிளிசரின் படலமாக நின்று பசையைப் பிடிக்கவிடாது. சோளகம் வீசும் மாதங்களில் துடைத்த இடத்தில் ஒரு நிமிடத்துக்குள் தூசு படிந்துவிடும், ஆகவே வண்டிக் கதவு யன்னல் பூட்டி, காலையில், சுவர் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். ஒவ்வொரு துண்டையும் பெருவிரலால் பலமாக அழுத்தி நீவுங்கள். முழுப்பிடிப்பு வர 72 மணித்தியாலம் எடுக்கும். அதுவரை வண்டியை ஓட்டாமல் இருந்தால் நல்லது.

இவ்வளவு சரியாகச் செய்தாலும் உங்கள் வண்டியில் பலவீனமான இடம் ரேப் அல்ல, வினைல் தாள். தாளைப் பிளைவூட்டோடு பிடித்து நிற்பது தொழிற்சாலைப் பசை, உங்கள் ரேப் அதைவிடப் பலம் கூடியது. அதனால்தான் கொழுக்கியோடு தாளும் வந்தது. அலுமாரிக்குப் பின்னால், கண்ணில் படாத இடத்தில் 5 செ.மீ. ரேப் ஒட்டி, ஒரு நாள் வெய்யில் காட்டிவிட்டு இழுத்துப் பாருங்கள். தாள் எழும்பினால் அந்தச் சுவரில் 200 கிராமுக்கு மேல் எதையும் ஒட்ட வேண்டாம்.

இன்னொன்று, ரேப் கீழ்நோக்கி வழுகும் சுமையைத் தாங்கும், உரிக்கும் சுமையைத் தாங்காது. 20 செ.மீ. ஆழமான தட்டில் 3 கிலோ வைத்தால் பாரம் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி நிற்கிறது. தட்டின் முதுகு 5 செ.மீ. உயரம் மட்டும் என்றால் மேல்விளிம்பைப் பிய்க்கும் விசை 3×10÷5, அதாவது 6 கிலோ. குழியில் விழும்போது மூன்று மடங்கு என்று வைத்தால் 18. அதே 3 கிலோவை 8 செ.மீ. ஆழம், 20 செ.மீ. உயர முதுகு உள்ள தட்டில் வைத்தால் 3×4÷20, வெறும் 600 கிராம். ஸ்குரூவுக்கும் இதே கணக்குத்தான். தட்டு ஆழம் குறைவாக, முதுகு உயரமாக இருக்கட்டும்.

சிலிக்கனால் ஒட்டும் எண்ணம் இருந்தால் கைவிடுங்கள். புளிவாசம் அடிக்கும் வகை கண்ணாடியின் பின்பூச்சை அரிக்கும், இரும்பையும் துருப்பிடிக்க வைக்கும். எடுத்த பிறகும் அந்த இடத்தில் பெயின்ற் பிடிக்காது.


பரந்தன்_சந்தி எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. காந்தம் வைச்சுப் பாத்தன். இடப்பக்கம் 40 செ.மீ.க்கு ஒரு பார் ஒழுங்கா நிக்குது. பின் யன்னலுக்குப் பக்கத்திலை 75 செ.மீ.க்கு ஒண்டுமில்லை, டீவி வரவேண்டிய இடம் அதுதான். அதுக்கு ரிவ்நட் (ஓட்டைக்குள்ளை விட்டு நெரிச்சுப் பூட்டுற, உள்ளுக்குப் புரி உள்ள நட்) போடலாம் எண்டு ஒருத்தர் சொல்லுறார். தாள் சோதனையும் செய்தன், எழும்புது. ஏற்கெனவே ஒட்டின கொழுக்கி நாலு இன்னும் சுவரிலை இருக்கு, மிச்சத் தாளையும் கிழிக்காமல் எப்பிடி எடுக்கிறது?


இரணைமடு_வான் எழுதியது:

ரிவ்நட் நல்ல சாமான், ஆனால் வெறும் பிளைவூட்டுக்கு இல்லை. இரும்பைக் கவ்வவேணும். பார் இல்லாத இடத்திலை போட்டால் இறுக்கேக்கை பிளைவூட்டை நசிச்சுக்கொண்டு சுத்தத் தொடங்கும்.

பார் இருக்கிற இடத்திலையும் எல்லாரும் விடுற பிழை ஒண்டு இருக்கு. எம்5 ரிவ்நட்டுக்கு 7 மி.மீ. ஓட்டை. அதைப் பிளைவூட்டுக்கு மேலாலை போட்டால் கழுத்து 4 மி.மீ. மரத்துக்கு மேலை நிக்கும், கீழ்ப்பக்கம் தகட்டைப் பிடிக்க நீளம் காணாது. அதாலை பிளைவூட்டை மட்டும் 12 மி.மீ. பிற்றாலை திறந்து, தகட்டிலை 7 மி.மீ. போட்டு, கழுத்தை இரும்பிலை இருத்தவேணும். இப்ப ரிவ்நட் சுவர் முகத்திலை இருந்து ஏறக்குறைய 4 மி.மீ. உள்ளுக்கு நிக்குது. இதுக்கு மேலை நேரே பிராக்கற்றை வைச்சு போல்ற்றை இறுக்கினால், போல்ற் ரிவ்நட்டை வெளியாலை இழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாத் தகட்டைப் பிதுக்கிக் கழண்டு வரும். அந்த இடைவெளிக்குள்ளை வாசர் அடுக்கிச் சுவர் முகத்தோடை மட்டமாக்குங்கோ, பிறகு இறுக்குங்கோ. பிராக்கற் வாசரிலை இருக்கோணும், மரத்திலை இருக்கக்கூடாது. வெட்டின இரும்புக்குச் சிவப்பு ஒக்சைட் ஒரு தொடுவை தொட்டுவிடுங்கோ.

டிறில் பிற்றிலை நுனியில் இருந்து 10 மி.மீ. விட்டு இன்சுலேசன் ரேப்பைக் கொடி மாதிரிச் சுத்திவிடுங்கோ. அது சுவரைத் தொட்ட உடனை நிப்பாட்டுங்கோ. வெளித்தகடு 30 மி.மீ.யும் இல்லாத தூரத்திலை இருக்கு, பிற் வெளியாலை எட்டிப் பாத்தால் மாரி முழுக்க ஒழுக்குத்தான். துளைக்க முன்னம் பற்றரி வயர் போற பாதையையும் கேட்டு அறியுங்கோ, லைற், பிளக் இருக்கிற இடத்துக்கு நேர் மேலை கீழை துளைக்கிறதை விடுங்கோ.

டீவிக்கு: 75 செ.மீ. இடைவெளியை 12 மி.மீ. பிளைவூட்டாலை பாலம் போடுங்கோ. 90 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், இரண்டு பக்கத்துப் பாரிலையும் மூண்டு மூண்டு எம்5 போல்ற். டீவி பிராக்கற் இந்தப் பலகையிலை, பின்பக்கத்தாலை ரீநட் (பல்லுள்ள தட்டோடை வாற, மரத்திலை அடிக்கிற நட்) அடிச்சு. ரீநட்டின்ரை தட்டுப் பலகைக்குள்ளை பதிஞ்சு நிக்கோணும், வெளியாலை நிண்டால் வினைல் தாளைக் கீறும். நடுவிலை பலகைக்கும் சுவருக்கும் இடையிலை மெல்லிய இறப்பர் ஷீற் ஒரு துண்டு வையுங்கோ, இல்லாட்டி ஓடேக்கை படபடவெண்டு அடிச்சுத் தாளைத் தேய்க்கும். இழுத்து மடக்கிற நீட்டுக் கை பிராக்கற் வேண்டாம், சுவரோடை ஒட்டின தட்டை வகையைப் போடுங்கோ. நீட்டுக் கை, கனகராயன் அண்ணை சொன்ன அந்த 10 செ.மீ.யை 30, 40 ஆக்கும்.

தீயணைப்பானைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை. 2 கிலோ எண்டது உள்ளுக்கு இருக்கிற பொடி, சிலிண்டரோடை 3 கிலோவைத் தாண்டும். சடுதியா பிறேக் பிடிச்சால் அது பறக்கிற இரும்பு. ரேப், பலகை ஒண்டும் வேண்டாம். வாசலுக்குப் பக்கத்திலை, முழங்கால் உயரத்துக்குக் கீழை, சீற் கழட்டின நிலச்சட்டத்திலை, வார்ப்பட்டியோடை வாற இரும்புப் பிராக்கற்றை இரண்டு எம்6 போல்ற், நைலோன் நட் போட்டுப் பூட்டுங்கோ. குசினி அடுப்புக்கு மேலை வைச்சால் நெருப்புப் பிடிக்கேக்கை கிட்டப் போக ஏலாது.


கடற்கரை_முல்லை எழுதியது:

ஒட்டியிருக்கிறதைக் கழட்டுறதுக்குத் தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) காணும். இழுக்கிற வால் இருக்கிற கொழுக்கி எண்டால் முதலிலை அந்த வாலைச் சுவரோடை ஒட்டினமாதிரி நேர் கீழை, மெல்ல மெல்ல இழுங்கோ. முன்னாலை இழுத்தால் தாள் போச்சு. வெய்யிலிலை காய்ஞ்ச வால் பெரும்பாலும் அறுந்திடும், அப்ப தங்கூசிதான்.

ஹெயார் டிரையராலை ஒரு நிமிசம் சூடு காட்டுங்கோ, கை வைக்கக்கூடிய சூடு, அதுக்கு மேலை போனால் வினைல் சுருங்கும். இரண்டு அடித் தங்கூசி எடுத்து, இரண்டு நுனியையும் சின்னத் தடியிலை சுத்தி, கொழுக்கிக்குப் பின்னாலை மேல்பக்கத்தாலை விட்டு, வாள் அறுக்கிறமாதிரி இடம் வலமா இழுத்துக்கொண்டு கீழை வாங்கோ. நூல் கொழுக்கி பக்கமாச் சாயவேணும், சுவர்ப் பக்கம் சாய்ஞ்சால் தாளை வெட்டும். 0.5 மி.மீ. தங்கூசி நல்லது, மெல்லிசு அறுந்திடும்.

சுவரிலை மிஞ்சிற பசையைச் சுரண்டாதேங்கோ. பெருவிரலாலை உருட்டினால் திரண்டு வரும். வராததுக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் பத்து நிமிசம் விட்டு, துணியாலை துடைச்சு, சவர்க்காரத் தண்ணியாலை எண்ணெயை எடுங்கோ. தின்னரும் பெற்றோலும் கிட்டவும் வரக்கூடாது. வினைலின்ரை நிறத்தைக் கரைக்கும், ஓட்டையாலை உள்ளுக்கு இறங்கினால் றிஜிபோமை உருக்கிக் குழியாக்கும், பூட்டின வண்டிக்குள்ளை ஆவியும் ஆபத்து. பலகைக்குப் பூசுற கொன்ராக்ற் பசையிலையும் அதே கரைப்பான்தான் இருக்கு, தாங்குபலகையை அதாலை ஒட்டவேண்டாம்.

உரிஞ்ச தாளைப் பழையபடி ஒட்ட வெள்ளை மரப்பசை காணும். ஊசியில்லாத சிரிஞ்சாலை உள்ளுக்கு விட்டு, மேலை பொலித்தீன் ஒரு துண்டு, அதுக்கு மேலை தட்டையான பலகை வைச்சு ஒரு இரவு முட்டுக்குடுத்து விடுங்கோ. பொலித்தீன் இல்லாட்டிப் பலகையும் ஒட்டிக்கொள்ளும்.

கடற்கரைப் பக்கம் வண்டி நிக்கிறதெண்டால் சிங்கு பூசின ஸ்குரூ ஒரு மாரிக்கே துரு வடிக்கும், அந்தச் செம்மஞ்சள் கோடு வினைலிலை இருந்து போகாது. தெரியிற இடத்துக்கு 304 ஸ்ரெயின்லெஸ். அது தானாத் துளைக்கிறதாக் கிடைக்காட்டிச் சாதாரண 4.2 ஸ்குரூவுக்குத் தகட்டிலை முதல் 3.2 மி.மீ. ஓட்டை போட்டுப் பிறகு முறுக்குங்கோ. அலுமினியப் பாருக்கு அதை அடிக்கேக்கை இடையிலை நைலோன் வாசர் ஒண்டு, இல்லையெண்டால் உப்பு ஈரத்திலை அலுமினியம் வெள்ளைத் தூளா அரிக்கும்.


பாலைமரம் எழுதியது:

டீவிப் பலகைக்கு இரணைமடு_வான் தம்பி சொன்ன ரிவ்நட் முறை சரி, வாசர் விடயத்தை நான் எழுத மறந்தது. போத்தல் தட்டுக்கு முன்னாலை 4 செ.மீ. உயரத்துக்கு ஒரு கம்பி போடுங்கோ, அடியிலை இறப்பர் வலை. காத்தாடிக்கு ஸ்குரூவுக்குப் பதிலா போல்ற், நைலோன் நட். அது தானே அதிருகிற சாமான், ஸ்குரூவைத் தானே கழட்டும்.

எல்லாம் பூட்டினாப் பிறகு நல்ல தார் ரோட்டிலை ஓடிப்போட்டு இறுகியிருக்கு எண்டு விடாதேங்கோ. கிறவல் ரோட்டிலை சலவைப் பலகை மாதிரி விழுற சின்னச் சின்ன வரிதான் பெரிய குழியை விடக் கெதியாக் கழட்டும். முதல் 100 கிலோமீற்றருக்குப் பிறகு ஒருக்காக் கையாலை இறுக்கிப் பாருங்கோ. ஒவ்வொரு ஸ்குரூத் தலைக்கும் பலகைக்கும் சேத்து மாக்கராலை ஒரு கோடு கீறிவிட்டால், பிறகு கோடு விலகியிருக்கிறதை மட்டும் தேடினால் காணும்.

வண்டியைத் திருப்பிக் குடுக்கேக்கை ஸ்குரூவைக் கழட்டி, ஓட்டைக்குள்ளை ஒரு சொட்டுச் சீலன்ற் விட்டு, அதே நிறத்திலை பிளாஸ்ரிக் மூடி அழுத்திவிடுங்கோ. பிளைவூட் ஓட்டைக்கு 5 மி.மீ. மூடி பொருந்தும். ஆனால் 12 மி.மீ.யாத் திறந்த இடத்தை அப்பிடி மறைக்க ஏலாது, அதாலை டீவிப் பலகையை உரிமையாளரிட்டை முதலே காட்டிக் கேட்டுப்போட்டுப் பூட்டுங்கோ. பலகை வண்டியோடையே இருக்கட்டும் எண்டு அவர் சொல்லவும் கூடும்.